சாணுக்கும் முழத்துக்கும் இடையே நிற்கும் குளிர்

1935ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் புனே நகரின் சிவாஜிநகரில் பதிவான குறைந்த வெப்பநிலை 1.7 டிகிரி செல்சியஸ். அந்நகரின் வானிலைப் பதிவேட்டில் அதனினும் தாழ்ந்த எண் இல்லை. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், வெண்ணிறம் பூசிய மரப்பெட்டிக்குள் வைப்பது வழக்கம். காற்று உள்ளே நுழையும். வெயிலும் திறந்த வானமும் கருவியைத் தீண்டா. நாடுகளை ஒப்பிடுவதற்கு அந்த ஒழுங்கு வேண்டும். ஆனால் அவ்விரவில் புனேயின் எந்தத் தோட்டத்திலும் ஒரு தக்காளி நாற்று நான்கடி உயரத்தில், பெட்டிக்குள் நின்றிருக்காது. அது ஒரு சாண் உயரத்தில், வானத்தை நேரே பார்த்தபடி நின்றிருக்கும். அந்த நாற்று உணர்ந்த குளிர் எவ்வளவு என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் புனேயில் இருந்தார் என்பதும், அவர் கண்டதை உலகம் நம்பக் கால் நூற்றாண்டு ஆயிற்று என்பதும் தாவரம் வளர்ப்போரும் மொழி பயில்வோரும் அறிய வேண்டிய செய்திகள்.

புனேயில் வெண்பனி பெய்வதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் மேற்கு விளிம்பில் அமைந்த ஊர் அது. மழைக்காலம் ஓய்ந்து ஐப்பசி கழிந்ததும் வடக்கிலிருந்து வறண்ட காற்று வரத் தொடங்கும். வானம் துடைத்து வைத்தாற்போலத் தெளியும். பகலில் முப்பது டிகிரியை ஒட்டி நிற்கும் வெப்பம் விடியலில் பத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. நகரத்துக்குள்ளேயே வேறுபாடு பெரிது. சிவாஜிநகரும் பாஷாணும் நடுங்கும் விடியலில் மகர்பட்டாவும் லோஹேகாவும் நான்கைந்து டிகிரி கூடுதல் வெப்பத்தோடு இருக்கும். ஒரு பகுதியில் தோட்டம் போடுபவர் தரும் அறிவுரை மறு பகுதியில் பலிக்காமற்போவதற்கு இதுவே காரணம்.

இந்தக் குளிர் பகை மட்டுமன்று. புனேயின் வீட்டுத் தோட்டங்களுக்கு மார்கழியும் தையும் திருவிழாக் காலம். காலிபிளவர், பட்டாணி, முள்ளங்கி, கீரைகள் இப்பருவத்தில்தான் நன்றாக வரும். சாமந்தி மொட்டவிழ்க்கும், டேலியா கையகல மலரும். சனவரியில் எம்ப்ரஸ் பூங்காவில் நடைபெறும் மலர்க்கண்காட்சிக்கு நகரமே திரளும். மாமரம் பூப்பதற்கும் இரவுக் குளிர் துணை செய்கிறது. இழப்புக்குள்ளாவன வெப்பமண்டலத்துச் செடிகள். கறிவேப்பிலை துளிர்ப்பதை நிறுத்தி இலையுதிர்க்கும். துளசி கருக்கும். மல்லிகை உறங்கிவிடும். நீர் உறையும் நிலைக்கு வராத குளிரே இவற்றுக்குப் போதும்; பத்து டிகிரிக்குக் கீழே இவற்றின் உயிரணுச் சவ்வுகள் இறுகி, வேர் நீரை இழுக்கும் வேகம் தளர்கிறது. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் தொட்டியில் வளர்ப்பவை பெரும்பாலும் இச்செடிகளே. ஆதலால் அவ்வீடுகளின் மொட்டைமாடிகளில் தைமாதக் கவலை சற்றுக் கூடுதல்.

இந்தக் கவலைக்கு அந்நகரத்துத் தோட்டக்காரர்களிடம் ஒரு பழைய மருந்து உண்டு. ‘மாளி காகா’ என்று வீட்டார் அழைக்கும் அம்முதியவர்கள் பொழுது சாய்ந்ததும் நான்கு குச்சிகளை நட்டு, இலைகளின்மேல் படாதவாறு கோணிப்பையை விரிப்பார்கள். விடிந்து வெயில் ஏறியதும் எடுத்துவிடுவார்கள். தமிழின் கோணியும் மராத்தியின் கோணியும் ஒன்றேயாதலால் இம்மருத்துவத்தை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆனால் படித்தவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி இது: பக்கவாட்டில் நான்கு புறமும் திறந்து கிடக்கிறதே, குளிர்ந்த காற்று தடையின்றி உள்ளே வருகிறதே, மேலே மட்டும் விரித்த ஒரு சாக்கு எதைத் தடுக்கும்?

இதே கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் ஒருவர் எண்ணிப் பார்த்தார். மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் பனித்துளியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தோட்டக்காரர்கள் மெல்லிய பாய்களால் இளஞ்செடிகளை மூடுவதைக் கண்டு, சுற்றியுள்ள காற்றின் குளிரை இவ்வளவு மெல்லிய பொருள் எவ்வாறு தடுக்கும் எனத் தாம் முன்னர் நகைத்ததை அந்நூலில் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார். பின்னர் அவரே புல்தரையில் நான்கு மெல்லிய குச்சிகளை நட்டு, ஆறங்குல உயரத்தில் ஒரு கைக்குட்டையை இறுகக் கட்டி, அதன் கீழுள்ள புல்லையும் வெளியிலுள்ள புல்லையும் வெப்பமானியால் அளந்தார். கைக்குட்டையின் கீழிருந்த புல் பல டிகிரி கூடுதல் வெப்பத்தோடு இருந்தது. குளிர் காற்றின் வழியே செடிக்கு வருவதைவிட, செடியின் வெப்பம் திறந்த வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாகப் போவதே பெரிது என்பது அவர் கண்ட உண்மை. மேகமற்ற இரவின் வானம், வெப்பம் விழுந்து மறையும் ஆழ்கிணறு போன்றது. இலை அக்கிணற்றை எட்டிப் பார்க்கும்வரை வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். இடையில் ஒரு துணி வந்தால் இலை பார்ப்பது வானத்தை அன்று, துணியை. மாளி காகாவின் கோணி செய்வதும் அதுவே. பக்கங்கள் திறந்திருப்பது குறையன்று.

பனித்துளியும் மேலிருந்து விழுவதன்று. குளிர்ந்த இலையின்மேல் அதைச் சூழ்ந்த காற்றின் ஈரம் நீராகத் திரள்கிறது. தமிழில் பனி விழுகிறது, பெய்கிறது, கொட்டுகிறது. மராத்தியில் ‘தவ’ எனப்படும் பனித்துளியும் விழத்தான் செய்கிறது. மொழிகள் பலவும் இதை மழையின் தங்கையாகவே எண்ணின. அந்த எண்ணத்தின் பயனாக, மேலிருந்து வரும் ஒன்றைத் தடுப்பதற்கே தோட்டக்காரர் கூரையிட்டார். தடுக்க வேண்டியது கீழிருந்து போகும் ஒன்றை. கூரை இருக்குமிடம் மாறவில்லை. சொன்ன காரணம் தவறு, செய்த செயல் சரி. ஒரு நடைமுறையின் உண்மையை அதை விளக்கும் சொல்லைக் கொண்டு மட்டும் எடைபோடக் கூடாது என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

வெல்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் லட்சுமிநாராயணபுரம் அனந்தகிருஷ்ணன் ராமதாஸ். 1900இல் பாலக்காட்டில் பிறந்தவர். கல்கத்தாவில் சி. வி. ராமனிடம் ஒளிச்சிதறல் குறித்து ஆராய்ந்துவிட்டு, 1926இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அத்துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேக்கு இடம்பெயர்ந்தது. அதன் சிவாஜிநகர்க் கட்டடத்தை ‘சிம்லா ஆபீஸ்’ என்றே புனேக்காரர்கள் இன்றும் வழங்குகின்றனர். 1932இல் வேளாண் வானிலைக்கெனத் தனிப்பிரிவு அங்கே தோன்றியபோது அதன் பொறுப்பு ராமதாஸிடம் வந்தது. பயிருக்கு வேண்டிய வானிலை நான்கடி உயரத்தில் இல்லை என்பது அப்பிரிவின் அடிப்படை. ஆகவே தரையை ஒட்டிய சில அடிகளை அவர்கள் அங்குலம் அங்குலமாக அளந்தார்கள்.

பாடநூல் விதிப்படி, தெளிந்த இரவில் வெப்பத்தை மிகுதியாக இழப்பது தரை. ஆதலால் தரையே மிகக் குளிர்ந்திருக்க வேண்டும், மேலே போகப் போகக் காற்று வெதுவெதுப்பாக வேண்டும். ராமதாஸும் ஆத்மநாதனும் 1932இல் ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைச் சொன்னது. காற்றசையாத, மேகமற்ற இரவில், வெறுமண் பரப்பின்மேல், மிகத் தாழ்ந்த வெப்பநிலை தரையில் இல்லை. தரைக்கு மேலே சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழந்தமிழ் அளவையில் சொல்வதானால், சாணுக்கும் முழத்துக்கும் இடையே. தரை அதைவிடச் சில டிகிரி வெப்பமாக இருக்கிறது.

இதில் இரண்டு முரண்கள் உள்ளன. முதலாவது, மேலே சொன்ன பாடநூல் விதி. இரண்டாவது இன்னும் கடினமானது. குளிர்ந்த காற்று கனமானது. அது வெப்பமான காற்றின்மேல் அமர்ந்திருந்தால் உடனே சரிந்து கீழே கலந்துவிட வேண்டும். இங்கோ இரவு முழுதும் கலையாமல் நிற்கிறது. கருவியில் பிழை இருக்கலாம், அருகிலிருந்து குளிர்காற்று வழிந்து வந்திருக்கலாம் என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. ஜெர்மானிய ஆய்வாளர் ராஷ்கே புனேயிலேயே மிகக் கவனமாக அளந்து 1957இல் முடிவை வெளியிட்டபின்னரே ஐயம் தணிந்தது. அளவீடு பிழையன்று, ராமதாஸ் கண்டது உள்ளதே.

ஏன் நிகழ்கிறது என்பதற்கு மேலும் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. பெங்களூருவில் ரொத்தம் நரசிம்மாவும் உடனாய்வாளர்களும் 1993இல் ஒரு கோட்பாடு தந்தனர்: மண் பகல் வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருப்பதாலும், அதன் பரப்பு கதிர்வீசும் திறம் முழுமையானதன்று என்பதாலும், தரையை ஒட்டிய காற்று நேரடியாகக் கதிர்வீச்சால் தரையைவிட விரைவாகக் குளிர முடியும். 2010க்குப் பின் அதே நகரின் ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் ஸ்ரீனிவாஸ் குழுவினர், காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கு இக்குளிர்ச்சியில் பெரும் பங்கு உண்டு என்று காட்டினர். புனேயின் ஒரு வயலில் தொடங்கிய கேள்வி எண்பது ஆண்டுகளாகியும் ஆய்வுக்குரியதாகவே இருந்தது. இன்று உலக ஆய்வேடுகளில் இதற்குப் பெயர் ராமதாஸ் அடுக்கு.

நாற்றுக்கு இதனால் விளைவது எளிதில் விளங்கும். முளைத்து இரண்டிலை விட்ட செடி மண்ணின் வெப்பத்தோடு ஒட்டியிருக்கிறது. முழ உயரத்தைத் தாண்டிய செடியின் தலை சற்று வெதுவெதுப்பான காற்றில் இருக்கிறது. ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் இடைப்பட்ட இளஞ்செடியின் குருத்து, மிகக் குளிர்ந்த அடுக்கில் சரியாக நின்றுகொண்டிருக்கும். வெறுமண் பாத்தியில் முதலில் எது வாடும் என்பதை வானிலை அறிக்கையின் எண் சொல்லாது. புல்லோ அடர்ந்த பயிரோ மூடிய தரையில் நிலைமை மாறும். அங்கே இலைப்பரப்பின் நுனியே மிகவும் குளிரும்.

புனேயிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே மகாபலேஷ்வரத்தில் இக்குளிர் இன்னும் ஒரு படி இறங்குகிறது. ஊருக்குள் வெப்பமானி பத்து டிகிரி காட்டும் விடியலில், வெண்ணா ஏரிக்கரையின் தாழ்நிலத்தில் பனித்துளிகள் உறைந்து வெண்மணிகளாகக் கிடக்கும். குளிர்ந்த காற்று நீரைப்போலப் பள்ளத்தில் தேங்குவதே காரணம். ஸ்ட்ராபெரி பயிரிடுவோர் அத்தகைய விடியல்களில் கவலையோடு பாத்திக்குப் போவர்.

தமிழ்நாட்டில் இவ்வறிவின் களஞ்சியம் நீலகிரி. உதகையில் தலைகுந்தாவும் காந்தலும் பள்ளமாதலால் முதலில் வெளுக்கின்றன. 1848இல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில், குளிர்காலம் நெருங்கும்போது மலர்ச்செடிகளை மூடுவதற்குக் கோத்தகிரிப் பகுதியிலிருந்து மிலார் கொண்டுவரப்படும். இலையடர்ந்த அச்செடிக்கொத்துகளைப் பாத்திகளின்மேல் நெருக்கமாகச் செருகி வைப்பார்கள். விடியலில் வெயில் தீண்டுமுன் புல்வெளியில் நீர் தெளிப்பார்கள். உறைந்த இலைமேல் வெயில் சட்டென்று பட்டால் கருகிவிடும் என்பது அவர்தம் பட்டறிவு. இலண்டன் மருத்துவரின் கைக்குட்டையும் புனேயின் கோணியும் கோத்தகிரி மிலாரும் ஒரே வேலையைச் செய்கின்றன. நீலகிரி மக்கள் ‘நீர்ப்பனி’ என்றும் ‘உறைபனி’ என்றும் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். முதலில் நீர்ப்பனி தொடங்கும். அதைத் தொடர்ந்து உறைபனி வரும். தோட்டக்காரருக்கு முன்னது எச்சரிக்கை, பின்னது தாக்குதல்.

இங்கே சொற்களின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. தமிழின் ‘பனி’ பெயராகவும் வினையாகவும் பழமையானது. பனித்தல் என்றால் நனைதல், குளிர்தல், நடுங்குதல். ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டுக்கு இச்சொல்லே பெயர். முன்பனி மார்கழி, தை. பின்பனி மாசி, பங்குனி. இரவின் முற்பகுதியில் பனி மிகும் காலம் முன்பனி, பிற்பகுதியில் மிகும் காலம் பின்பனி என்று உரைமரபு விளக்கும். தெளிந்த இரவில் தரை எப்போது குளிரத் தொடங்குகிறது என்பதை நாழிகைக் கணக்கில் கவனித்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. ராமதாஸ் பிறந்த பாலக்காட்டிலோ இச்சொல் இரு மொழிகளின் எல்லையில் நிற்கிறது. தமிழ் பேசும் வீட்டில் பனி என்றால் விடியல் ஈரம். இன்றைய மலையாளத்தில் காய்ச்சல். நடுக்கம் என்னும் பழம்பொருள் ஒரு கரையில் புல்லிலும் மறு கரையில் உடலிலும் தங்கிவிட்டது.

மராத்தி வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. குளிர்காலத்துக்கு மராத்தியில் ‘ஹிவாளா’ என்று பெயர். வடமொழியின் ‘ஹிம’ என்பதே ‘ஹிவ்’ எனத் திரிந்து அதில் உள்ளது. வடமொழியில் வெண்பனிக்கும் குளிருக்கும் பொதுவாயிருந்த சொல், வெண்பனி காணாத தக்காணத்தில் குளிரை மட்டும் சுமந்து நிற்கிறது. மலேரியாவுக்கு மராத்தியில் ‘ஹிவ்தாப்’, அதாவது குளிர்க்காய்ச்சல். பனியிலிருந்து காய்ச்சலுக்குப் போகும் பாதையைத் தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்கள் தனித்தனியே நடந்து தேய்த்திருக்கின்றன.

தமிழின் பனியோ விரிந்துகொண்டே போயிற்று. இன்று அது மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி அனைத்துக்கும் தாய்ச்சொல். இவ்விரிவின் கோடியில் இருப்பவர்கள் டொராண்டோவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தோட்டம் போடும் ஈழத்தமிழர்கள். புரட்டாசி முடியுமுன் கறிவேப்பிலைத் தொட்டியும் முருங்கைத் தொட்டியும் வீட்டுக்குள் போய்விடும். பங்குனியில் சன்னலோரம் கத்தரி, மிளகாய் விதைகள் முளைக்கும். மே மாதத்தின் பிற்பகுதியில் விக்டோரியா தின விடுமுறை வரும்வரை நாற்றுகளை வெளியில் நடுவதில்லை. அதற்குமுன் ஓர் இரவு உறைபனி வந்து எல்லாவற்றையும் கொண்டுபோகக்கூடும்.

அங்கே உறைபனி கொல்லும், வெண்பனி காக்கும். புதிதாக விழுந்த வெண்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றே. பஞ்சு மெத்தையைப்போல அது மண்ணின் வெப்பத்தை உள்ளே நிறுத்துகிறது. வெளியே மைனஸ் இருபது டிகிரி என்றாலும் தடித்த பனிப்போர்வையின் கீழ் மண் உறைநிலையை ஒட்டியே இருக்கும். ஐப்பசியில் நட்ட பூண்டுப் பற்கள் அதன் கீழே உறங்கி, ஆடியில் பெருங்கிழங்காகக் கைக்கு வரும். அக்குளிர் கிடைக்காவிட்டால் பூண்டு பல்பல்லாகப் பிரியாமல் ஒற்றைக் குமிழாகவே நின்றுவிடும். வெண்பனி சரியாக விழாத கடுங்குளிர் ஆண்டே தோட்டக்காரரை அச்சுறுத்துவது. முற்றத்துப் பனியை அள்ளிப் பாத்தியில் கொட்டுவோர், உப்புத் தூவிய தெருப்பனியை மட்டும் தவிர்க்கிறார்கள். மாளி காகா மாலைதோறும் விரிக்கும் கோணியை அங்கே வானமே விரித்து விடுகிறது.

ஆகவே உதகையிலும் ஸ்காபரோவிலும் ‘பனி’ என்று ஒரே சொல்லை வழங்கும் இரு தோட்டக்காரர்கள், ஒருவர் எதிரியையும் மற்றவர் துணையையும் குறிக்கக்கூடும். அடைமொழி விடுபட்டால் அறிவுரை தலைகீழாகிவிடும். பனியிலிருந்து செடியைக் காப்பாற்றுங்கள் என்னும் தொடர் எந்தப் பனியைச் சொல்கிறது? சென்னை மண்டல வானிலை மையத்தின் தமிழ் அறிக்கைகள் நீலகிரிக்கு ‘உறைபனி’ என்றும் சமவெளிக்குப் ‘பனிமூட்டம்’ என்றும் பிரித்து எழுதுவது இக்காரணத்தால் போற்றத்தக்கது. வானிலை அறிக்கைக்குள் வந்துவிட்ட இத்தகைய வேறுபாடுகள் பாடநூல்களுக்கும் தோட்டக்கலைக் கையேடுகளுக்கும் முழுமையாக வர வேண்டும். புதுச்சொல் ஆக்கும் குழுக்கள் அகராதியைத் திறக்குமுன் தலைகுந்தாவுக்கும் காந்தலுக்கும் ஒரு தை மாத விடியலில் போய்வருவது நல்லது. தேவையான சொற்களுள் பல அங்கே வழக்கில் உள்ளன.

புனேயின் தோட்டங்களுக்கு ராமதாஸின் அளவீடு சொல்லும் செயல்கள் சில. வானம் தெளிந்து காற்று ஓய்ந்த இரவே அஞ்சத்தக்கது. மேகம் மூடிய இரவில் கவலையில்லை. மூடாக்கு இலையைத் தொடாமல் மேலே நிற்க வேண்டும், காலையில் அகற்றப்பட வேண்டும். கோடை வெயிலுக்குக் கட்டிய பச்சை நிழல்வலையைக் குளிர்காலத்தில் பகல் வெயிலுக்காக விலக்குவோர் இரவில் மீண்டும் இழுத்துவிட்டால், அது வானத்தை ஓரளவு மறைக்கும். தொட்டிகளைப் பகலில் வெயில் காய்ந்த சுவரை ஒட்டி நகர்த்தலாம். ஈரமண் வறண்ட மண்ணைவிட மிகுந்த வெப்பத்தைத் தேக்கி மெல்ல விடுமாதலால், பகலிலேயே நீர் பாய்ச்சி வைக்கலாம். வெப்பமானி வாங்குவோர் அதைச் சன்னலில் மாட்டாமல் செடியின் குருத்து நிற்கும் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டி, விடியலில் படித்துக் குறித்துவைத்தால், தங்கள் தோட்டத்துக்கேயுரிய வானிலைப் பதிவேடு ஒன்று இரண்டு குளிர்காலங்களில் உருவாகிவிடும்.

எஞ்சியிருப்பது சொற்சேகரம். கொடைக்கானல், வால்பாறை, மூணாறு, நுவரெலியா ஆகிய இடங்களில் உறைந்த பனிக்கும் உறையாத பனிக்கும், பள்ளத்தில் தேங்கும் குளிருக்கும், அதனால் கருகிய இலைக்கும் தோட்டத் தொழிலாளரும் வீட்டுத் தோட்டக்காரரும் வழங்கும் பெயர்கள் என்னென்ன? படுகர் மொழியிலும் தோடர் மொழியிலும் என்னென்ன? இவற்றை ஊர், உயரம், மாதம் ஆகியவற்றோடு குறித்து வைப்பது ஒரு பருவத்தில் முடியக்கூடிய களப்பணி. அடுத்த மார்கழி அதற்குத் தக்க காலம்.